‘கைவினைச் சாக்லேட்’ – எவருடைய கை?

கைத்தறிச் சேலை நமக்குத் தெரியும். கைக்குத்தல் அரிசி தெரியும். இப்போது பெரிய நகரங்களில் ‘கைவினைச் சாக்லேட்’ என்று ஒரு சரக்கு விலைபோய்க்கொண்டிருக்கிறது. சமீபத்தில் கோவையில் நடந்த ஓர் உணவுத் திருவிழாவில் இதற்கென்றே வரிசையாகக் கடைகள் போட்டிருந்தார்கள். 65 கிராம் எடையுள்ள ஒரு கட்டி 360 ரூபாய். உறையைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும். அதன்மேல் மலையின் படம் இருக்கிறது, மரத்தின் படம் இருக்கிறது, ஒரு கிளியின் படம்கூட இருக்கிறது. ‘கையால் செய்தது’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கையின் படத்தை மட்டும் காணோம்.

எவருடைய கை? இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது ஷிப்டு முடித்து வரும் பஞ்சாலைத் தோழரும், தோப்பில் கூலிக்குப் போகும் தாய்மாரும், “360 ரூபாய்க்கு மிட்டாய் தின்கிறவன் தின்றுவிட்டுப் போகட்டும், நமக்கென்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டியிலுள்ள கொட்டை பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் விளைந்தது. அதை அரைத்த கல் இயந்திரம் கோவைப் பட்டறையில் செய்யப்பட்டது. இரண்டு முனையிலும் நம்முடைய ஜனங்களின் உழைப்பு உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருக்க, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எப்படி?

பழத்தின் ருசி

கோகோ மரத்தைப் பார்த்திராத தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் காய் கிளை நுனியில் தொங்குவதில்லை; பலாவைப் போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். பழுத்தால் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறும். தடித்த ஓட்டை உடைத்தால் உள்ளே முப்பது நாற்பது கொட்டைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை வெளேரென்று வழவழப்பான சதை.

திருவிழாக் கடையில் பழத்தை அறுத்துச் சுளையைக் குச்சியில் குத்திக் கொடுத்தார்கள். நாமும் வாங்கி வாயில் போட்டோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், அருமையான ருசி. சீதாப்பழத்தின் வழவழப்பும் மங்குஸ்தானின் புளிப்பும் கலந்த இனிப்பு. ஆனால் சுளையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கடித்தால் ஊதா நிறமும், நாக்கைப் பிடித்து இழுக்கும் கசப்பும், துவர்ப்பும்தான் மிச்சம். சாக்லேட்டின் வாசனை அதில் துளிகூட இல்லை.

பிறகு கட்டியைத் தின்னக் கொடுத்தார்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் இனிப்பு மிட்டாயைப் போலல்ல அது. முதலில் கசப்பு, அப்புறம் உலர்ந்த திராட்சையைப் போல ஒரு புளிப்பு, தொண்டையில் இறங்கும்போது வறுத்த காப்பிக்கொட்டையின் மணம். நல்ல பண்டத்தை நல்ல பண்டம் என்று சொல்ல நமக்கு வெட்கம் எதற்கு? உழைக்கிறவன் கூழ் குடித்துக்கொண்டிருப்பதே தர்மம் என்று உபதேசம் செய்தவர்கள் வேறு ஆட்கள். நாம் கேட்பது நல்ல சோறு, நல்ல துணி, நல்ல பண்டம் எல்லாமேதான்.

விற்றுக்கொண்டிருந்த இளைஞர் படித்தவர், பண்பாகப் பேசினார். “இது எல்லாம் மண்ணின் ருசி. ஆனைமலை மண்ணில் விளைந்தால் ஒரு ருசி, இடுக்கியில் விளைந்தால் வேறொரு ருசி” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மண்ணுக்குப் பங்கு உண்டுதான், யார் இல்லையென்றது? ஆனால் மண் தானாகக் காயை உடைக்காது. கொட்டையை யார் பக்குவம் செய்தது என்று கேட்டோம். அவர் கடையின் பின்புறத்தைக் காட்டினார். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் பார்ப்பதற்காகக் காய் உடைத்துக்கொண்டிருந்தார். ஆனைமலைப் பக்கத்துத் தோப்பில் எட்டு வருஷமாக வேலை செய்கிறவராம். பெயர் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். காரணம் சொல்லத் தேவையில்லை.

“ஏனக்கா, நீங்க செஞ்ச சாக்லேட்டைத் தின்னு பாத்தீங்களா?” என்று கேட்டோம்.

“நானெங்கீங்க செஞ்சேன்? கொட்டையைப் போட்டு மூடி வெக்கிறதோட நம்ம வேலை சரிங்க” என்றார்.

சொல்லிவிட்டு, வேடிக்கைக்காகக் கிண்ணத்தில் வைத்திருந்த காய்ந்த கொட்டை ஒன்றை எடுத்துக் கத்தியால் நெடுக வகுந்து காட்டினார். “இதப் பாருங்க. பாதிக்கு மேல ஊதா இன்னும் போகலீங்க. நேரத்துக்குக் கிளறாம உட்டுட்டாங்க. இது கசக்கத்தானுங்க செய்யும். எங்க தோப்புச் சரக்கில்லீங்க இது.”

இளைஞர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் மறைக்கவில்லை; அந்தக் கிண்ணத்துச் சரக்கு வேறொரு தோப்பில் வாங்கியதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

கிளறுவதற்கு என்ன கூலி என்று கேட்டோம்.

“அதுக்குத் தனியாக் கூலி ஏதுங்க? காய் பறிக்க, உடைக்கப் போற அன்னைக்கு நானூறு ரூவா. கிளர்றது போற வர்ற வழியில பாத்துட்டுப் போறதுதானுங்க.”

தோழர்களே, நாம் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

ருசி எங்கே பிறக்கிறது?

பச்சைக் கொட்டையில் சாக்லேட் ருசி இல்லை என்றோமல்லவா? அப்படியானால் எங்கிருந்து வருகிறது? வறுக்கிற சட்டியில் பாதி வருகிறது. மீதிப் பாதி, வறுக்கிற சட்டிக்கு வருவதற்கு வெகுமுன்னாலேயே தோப்பில் பிறந்துவிடுகிறது.

உடைத்த காயிலிருந்து கொட்டையைச் சதையோடு அள்ளி மரப்பெட்டியிலோ கூடையிலோ குவித்து, வாழையிலை போட்டு மூடி வைப்பார்கள். இட்லி மாவு புளிப்பதுபோல அது புளிக்கத் தொடங்கும். முதலில் சதையிலுள்ள சர்க்கரை சாராயமாகும். சதை கரைந்து தண்ணீராக வழிந்தோடும். அப்புறம் காற்றுப்பட்டதும் அந்தச் சாராயம் காடியாகும். குவியலுக்குள்ளே சூடு 45, 50 டிகிரிவரை ஏறும். கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டிலும் காடியிலும் முளைக்கும் உயிர் செத்து, கொட்டைக்குள்ளே ஊதா நிறம் போய்ப் பழுப்பு நிறம் வரும். கசப்பும் துவர்ப்பும் தணியும். இதற்கு ஐந்து முதல் ஏழு நாள் வரை பிடிக்கும். இடையில் நாள் பார்த்துக் கிளறிவிட வேண்டும். கிளறாமல் விட்டால் உள்ளே காற்றுப் போகாமல் பாதி வேகாததுபோல நிற்கும். நாள் கடந்துவிட்டால் அழுகல் வாடை ஏறிவிடும். எந்த நாளில் கிளறுவது, எந்த நாளில் வாரிக் களத்தில் காயப்போடுவது என்பது மழைக்கும் வெயிலுக்கும் தக்கபடி மாறும். அதைச் சொல்ல அங்கே கடிகாரமோ கருவியோ இல்லை. கைக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். கொட்டையை வகுந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு வாரம் களத்தில் காயவேண்டும். மேகம் கூடினால் ஓடி வாரவேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். காய் பறிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது: காம்பைப் பிய்த்து இழுத்தால் அடிமரத்தில் அந்த இடம் புண்ணாகும், அடுத்த பூ அதே இடத்தில்தான் வரவேண்டும், வராது. கத்தியால் காம்பை மட்டும் நறுக்க வேண்டும்.

மில் தோழர்களுக்கு ஓர் உதாரணம். ஜின்னிங்கில் கெட்டுப்போன பஞ்சை ஸ்பின்னிங்கில் சரிசெய்ய முடியுமா? எந்த மாஸ்டர் வந்து நின்றாலும் முடியாது. கோகோவும் அப்படித்தான். தோப்பில் பழுதானதைப் பாரீஸிலிருந்து நிபுணனைக் கூட்டிவந்தாலும் திருத்த முடியாது. சாக்லேட் செய்கிற எவரைக் கேட்டாலும் இதை மறுக்கமாட்டார்கள். அப்படியானால் அந்த அம்மாள் செய்கிற வேலை, சாக்லேட் வேலையில் பாதி. அந்தப் பாதி வேலைக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ‘போற வர்ற வழியில பாத்துட்டுப் போறது!’

இரண்டு காய், ஒரு கட்டி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 கிராம் கட்டியில் நூற்றுக்கு 70 பங்கு கோகோ என்று உறையில் போட்டிருக்கிறது. அதாவது 45 கிராம் சொச்சம். வறுக்கும்போது போகும் ஈரம், புடைத்து எடுக்கும் தோல் எல்லாம் சேர்த்தால் 60 கிராம் காய்ந்த கொட்டை வேண்டும். ஒரு கொட்டை ஏறக்குறைய ஒரு கிராம். ஆக 60 கொட்டை. இரண்டு காயில் கிடைத்துவிடும். கிலோ 500 ரூபாய் என்று தாராளமாகவே விலை வைத்தாலும் அந்த 60 கிராமுக்கு 30 ரூபாய். 360 ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த 30 ரூபாயும் தோப்புக்காரர் கைக்குப் போவது. தொழிலாளியின் கூலி அதற்குள்ளே எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது.

மீதி 330 ரூபாயும் கொள்ளை லாபம் என்று நாம் சொல்லவில்லை. கடை வாடகை, மின்சாரம், உறை, வரி, விற்காமல் கிடக்கும் சரக்கு, இவையெல்லாம் உண்டு. சிறிய பட்டறை வைத்திருப்பவன் வங்கிக்கு வட்டி கட்டுகிறான். அதுவும் நமக்குத் தெரியும். ஆனால் நாள் முழுக்கக் காய் உடைத்த அம்மாள் தன் 400 ரூபாயில் ஒரு கட்டி வாங்கினால் மிச்சம் 40 ரூபாய். அதில் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும். இந்தக் கணக்கு உறையில் அச்சாகவில்லை.

கோவைக் கல்

இனி இன்னொரு கை. இது பவுண்டரித் தோழர்களும் கிரைண்டர் பட்டறைத் தோழர்களும் கவனிக்க வேண்டிய விஷயம்.

சாக்லேட் செய்வது நூறு வருஷத்துக்கு மேலாகப் பெரிய முதலாளிகளின் ஏகபோகமாக இருந்தது. 1828-ல் ஹாலந்தில் வான் ஹூட்டன் கம்பெனி கொட்டையை நசுக்கிக் கொழுப்பைப் பிரிக்கும் அச்சுக்குக் காப்புரிமை வாங்கியது. 1879-ல் ஸ்விட்சர்லாந்தில் லிண்ட் என்பவர் சாக்லேட்டை மணிக்கணக்காகப் பிசைந்து வழவழப்பாக்கும் இயந்திரத்தைக் கண்டார். இவையெல்லாம் டன் கணக்கில் சரக்கு ஓட்டும் ராட்சச இயந்திரங்கள். ஒரு சின்னப் பட்டறைக்காரன் ஐந்து கிலோ, பத்துக் கிலோ அரைக்க வேண்டுமென்றால் அவனுக்கு உலகத்தில் இயந்திரமே கிடையாது.

2000-க்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டிலும் சிறு பட்டறையிலும் சாக்லேட் செய்து பார்க்க முனைந்தவர்கள் கடைசியில் எதைப் பிடித்தார்கள் தெரியுமா? நம்முடைய இட்லி மாவு கிரைண்டரை! கருங்கல் தளத்தின்மேல் கருங்கல் உருளை சுற்றும் கோவை வெட் கிரைண்டர். இரண்டு நாள், மூன்று நாள் நிறுத்தாமல் ஓடினால் கொட்டையும் சர்க்கரையும் நாக்குக்குத் தட்டுப்படாத அளவுக்கு அரைந்துவிடுகிறது. மாவுக்காகச் செய்த மோட்டாரும் பெல்ட்டும் இவ்வளவு நேரம் தாங்காதென்று கோவைப் பட்டறைகள் அதைப் பலப்படுத்திச் சாக்லேட்டுக்கென்றே தனி இயந்திரமாகச் செய்து ஏற்றுமதி செய்தன. இன்றைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘கைவினைச் சாக்லேட்’ செய்கிற சின்னப் பட்டறைகள் ஏராளமானவற்றில் சுற்றிக்கொண்டிருப்பது கோவைக் கல்தான்.

இந்த வெட் கிரைண்டரை 1955-ல் கோவையில் முதலில் செய்தவர் பி. சபாபதி என்பது வரலாறு. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல் இதற்கு உகந்தது என்று பேர் வாங்கியது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கல் கொத்தியவன் தூசியைச் சுவாசித்தான். பவுண்டரித் தொழிலாளி உருக்கி வார்த்தான். பொருத்துகிறவன் ஓவர்டைம் பார்த்தான். திருவிழாவில் அந்த இயந்திரத்தை மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். பார்க்க வந்த கோவைக்காரர்களே அதை வெளிநாட்டு இயந்திரம் என்று எண்ணி ஆச்சரியப்பட்டு நின்றதை நாம் பார்த்தோம். சிரிப்பதா, அழுவதா?

பழைய கணக்கு

கோகோவின் கதையில் இந்த ஒளித்துவைக்கும் வேலை புதிதல்ல. தென் அமெரிக்கக் காட்டில் பிறந்த இந்த மரத்தை வெள்ளைக்காரக் கம்பெனிகள் உலகம் முழுக்கக் கொண்டுபோய் நட்டன. நம் குற்றாலத்துக்கே 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்போன் தீவிலிருந்து கொண்டுவந்து நட்டது. எங்கெல்லாம் நட்டார்களோ அங்கெல்லாம் முதலில் தேடியது மண்ணை. அடுத்துத் தேடியது மலிவான கையை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் காட்பரி கம்பெனி தனக்கு வேண்டிய கோகோவில் பெரும்பங்கைச் சாவோ தோமே என்ற போர்த்துக்கீசியத் தீவிலிருந்து வாங்கியது. அங்கே தோட்ட வேலைக்கு அங்கோலாவிலிருந்து கறுப்பு மக்களைப் பிடித்து வந்தார்கள். ஒப்பந்தக் கூலி என்று பெயர். திரும்பிப் போனவர் கிடையாது. ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் நேரில் போய்ப் பார்த்து, இது அடிமைத்தனமே என்று 1906-ல் புத்தகம் எழுதினார். காட்பரி குடும்பத்தாரோ தெய்வபக்தி உள்ளவர்கள், சொந்த நாட்டுத் தொழிலாளிக்குத் தோட்டத்தோடு வீடு கட்டிக் கொடுத்துப் பேர் வாங்கியவர்கள். விஷயம் 1901-லேயே அவர்கள் காதுக்கு எட்டியிருந்தும், அந்தக் கோகோவை வாங்குவதை நிறுத்தியது 1909-ல்தான். ஒரு லண்டன் பத்திரிகை இதை நையாண்டி செய்து எழுத, காட்பரி மானநஷ்ட வழக்குப் போட்டது. ஜூரிகள் காட்பரி பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். நஷ்டஈடு மட்டும் ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால்வாசி! அந்த மானத்துக்கு அன்றைய ஜூரிகள் போட்ட விலை அது.

ஆனால் உழைக்கிறவன் என்றைக்கும் வாய்மூடி இருக்கவில்லை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஜனங்களில் அதிகம் பேருக்குத் தெரியாத போராட்டம் இது.

இன்றைய கானா நாட்டுக்கு அன்று தங்கக் கடற்கரை என்று பெயர். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் காலனி. உலகத்திலேயே அதிகக் கோகோ விளைந்த இடம் அதுதான். 1937-ல், யூனிலீவரின் கிளையான யுனைட்டெட் ஆப்பிரிக்கா கம்பெனியும் காட்பரியும் மற்றப் பெரிய ஐரோப்பியக் கம்பெனிகளும் கூடிப் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: நமக்குள்ளே போட்டி வேண்டாம், இன்ன விலைக்குமேல் எவரும் கொடுக்கக்கூடாது, சரக்கை இந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொள்வோம். விலையும் அந்தச் சமயம் பார்த்துச் சரிந்தது. விவசாயிகள் என்ன செய்தார்கள்? கோகோவை விற்கமாட்டோம் என்று கதவை மூடிவிட்டார்கள்! கொட்டை மூட்டைமூட்டையாகக் குடிசைகளில் கிடந்தது. சில இடங்களில் குவித்துத் தீயிட்டுக்கூடக் கொளுத்தினார்கள். அதோடு, அந்தக் கம்பெனிக் கடைகளில் துணியும் சாமானும் வாங்கமாட்டோம் என்று பகிஷ்காரமும் சேர்ந்தது. லாரிக்காரர்கள் ஆதரித்தார்கள், கிராமத் தலைவர்கள் ஆதரித்தார்கள். 1937 இறுதியில் தொடங்கி 1938 ஏப்ரல் வரை, ஒரு முழுப் பறிப்புக் காலம் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் பிரிட்டிஷ் சர்க்கார் விசாரணைக் கமிஷன் அனுப்ப வேண்டியதாயிற்று. கம்பெனிகளின் ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. கமிஷன் அறிக்கையும் அந்த ஒப்பந்தத்தைக் கண்டித்தது. பள்ளிக்கூடம் போகாத விவசாயிகள், அச்சடித்த ஒப்பந்தத்தைக் கிழிக்கவைத்த கதை இது.

இங்கே கேரளத்திலும் ஒரு பாடம் உண்டு. 1960-களிலும் 70-களிலும் காட்பரியும் சர்க்காரும் ‘நடு, நடு’ என்று சொல்லி விவசாயிகளைக் கோகோ நடவைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் உலக விலை விழுந்ததும் வாங்க ஆளில்லை. நட்ட கையாலேயே வெட்டி எறிந்தார்கள். அந்தச் சமயம் கைகொடுத்தது காம்ப்கோ என்ற பாக்கு விவசாயிகளின் கூட்டுறவு. 1986-ல் கர்நாடகத்தில் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டியது. கூட்டுறவால் ஆகாதென்று பேசுகிறவர்கள் ஒருமுறை புத்தூர் போய்வரலாம்.

விலை ஏறியபோது

2024-ம் வருஷம் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் மழை கெட்டு, மரத்துக்கு நோய் வந்து, விளைச்சல் குறைந்தது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளில்தான் விளைகிறது. மார்ச் கடைசியில் நியூயார்க் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. டிசம்பரில் 12,000-ஐயும் தாண்டியது. அடேயப்பா, கறுப்பு விவசாயிக்குக் காலம் வந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். நடந்தது என்ன? சரக்கை முன்கூட்டியே பேரம்பேசி விற்றுவிட்ட ஏற்பாட்டினால், அந்த மார்ச் மாதத்தில் ஐவரி கோஸ்ட் விவசாயிக்குச் சர்க்கார் நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,000 பிராங்க். டன் கணக்கில் சொன்னால் சுமார் 1,650 டாலர். பிறகு உயர்த்தினார்கள், உண்மை. ஆனால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியதெல்லாம் சந்தையில் சூதாடினவன் மடியில்தான் கொட்டியது.

நம் பக்கத்திலும் 2023-ல் கிலோ இருநூறு சொச்சத்துக்கு விற்ற காய்ந்த கொட்டை, 2024 கோடையில் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. வெள்ளை ஈயாலும் வேர்வாடல் நோயாலும் தென்னையில் அடிபட்டிருந்த தோப்புக்காரர்களுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. சிறு விவசாயிக்குக் கிடைத்ததைப் பற்றி நமக்குச் சந்தோஷமே. ஆனால் விலை நாலு மடங்கு ஏறிய அந்த வருஷத்தில் காய் உடைக்கும் கூலி ஏறியதா என்று அந்த அம்மாளைக் கேட்டோம். “அம்பது ரூவா சேத்துக் குடுத்தாங்க. வெல எறங்கினதும் மறுபடி பழையபடிதானுங்க” என்றார். உலக விலையும் 2025 முடிவதற்குள் பாதியளவுக்கு இறங்கிவிட்டது. ஏறும்போது கொஞ்சமே ஏறிய கூலி, இறங்கும்போது மட்டும் முதல் ஆளாக இறங்குகிறது!

ஆப்பிரிக்காவில் இதைவிடக் கொடுமை. 2001-ல் சாக்லேட் கம்பெனிகள் அமெரிக்காவில் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டன: 2005-க்குள் கோகோவில் கொடிய குழந்தை உழைப்பை ஒழிப்போம் என்று. கெடு தள்ளிப்போடப்பட்டது, மறுபடியும் தள்ளிப்போடப்பட்டது. 2020-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி ஐவரி கோஸ்டிலும் கானாவிலுமாகக் கோகோத் தோட்டத்தில் உழைக்கும் குழந்தைகள் 15 லட்சத்து 60 ஆயிரம் பேர். இருபது வருஷத்துப் பத்திரம் எங்கே போனதோ!

சின்னப் பட்டறைக்காரரோடு நமக்குச் சண்டையா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சின்னப் பட்டறை வைத்துச் சாக்லேட் செய்கிறவர்கள் பலர், நல்ல பக்குவத்துக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் விலை கொடுத்து நேரடியாகத் தோப்பில் வாங்குகிறார்கள். அவர்கள் வந்ததால்தான் பக்குவத்துக்கு மதிப்பு என்று ஒன்று ஏற்பட்டது. பெரிய கம்பெனி எல்லாக் கொட்டையையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, சர்க்கரையும் பாலும் போட்டு மறைத்துவிடுகிறது. அதற்கு அந்த அம்மாளின் கைப்பக்குவம் தேவையே இல்லை. திருவிழாக் கடைக்காரருக்குத் தேவை. அவர் கொடுக்கும் கூடுதல் விலையே அந்தக் கைக்குத்தான். ஆனால் அந்தப் பணம் தோப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. ‘விவசாயிக்கு நியாய விலை’ என்று உறையில் போடுகிறார்கள். நல்லது. நூறு ஏக்கர் தோப்புக்காரரும் விவசாயி, அவர் தோப்பில் காய் உடைக்கிறவரும் விவசாயி என்று ஒரே சொல்லில் கட்டினால், பணம் யார் பக்கம் சாயும் என்பது நமக்குத் தெரியாதா?

சட்டமும் இந்த விளையாட்டில் சேர்ந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைக் காப்பகம் தரவேண்டுமென்ற 1951-ம் வருஷச் சட்டம் பெயர் சொல்லி எடுத்துக்கொண்ட பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா. பிறகு ஏலம் சேர்ந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த மத்திய அரசின் புதிய தொகுப்புச் சட்டத்திலும் அதே ஐந்துதான். மற்றப் பயிர்களைச் சேர்க்க வேண்டுமானால் மாநில சர்க்கார் மத்திய சர்க்காரின் சம்மதம் வாங்கித் தனி அறிவிக்கை போடவேண்டும். ஆனால் 1963-ம் வருஷக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் புரட்டுங்கள். உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெறும் ‘தோட்டம்’ எதுவென்ற விளக்கத்தில் கோகோ இருக்கிறது! நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் இடத்தில் கோகோ தோட்டப் பயிர். தொழிலாளிக்கு வீடு கட்டும் இடத்தில் அந்தப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. தென்னைக்கு ஊடுபயிராக நட்ட இடத்திலோ பேச்சே கிடையாது.

ஆகவே விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் முதலில் செய்ய வேண்டியது பெரிய விஷயமாகத் தோன்றாமல் இருக்கலாம்: பக்குவம் செய்யும் வேலையைத் தனி வேலை என்று ஒப்புக்கொள்ளச் செய்வது. குவித்து மூடுகிற நாள், கிளறுகிற நாள், களத்தில் காயவைத்துக் காவல் இருக்கிற நாள், எல்லாம் கூலிக்குரிய நாட்கள். பக்குவத்துக்கென்று தோப்புக்காரர் வாங்கும் கூடுதல் விலையில், பக்குவம் செய்த கைக்கு இன்ன பங்கு என்று எழுத்தில் வரவேண்டும். அந்தப் பங்கு என்ன என்பதைத் திருவிழாவில் விற்கிறவர்கள் உறையில் அச்சடிக்கட்டும். கிளியின் படத்துக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்ய விரும்புகிற பட்டறைக்காரர் இதற்குப் பயப்பட மாட்டார். அன்று பேசிய இளைஞரிடம் இதைச் சொன்னோம். “தோப்புக்காரர் ஒத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார். தோப்புக்காரர் தானாக ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் அவருக்கு ஒரு நெருக்கடி இருக்கிறது. உடைத்த காயை அன்றைக்கே குவிக்காவிட்டால் கெட்டுப்போகும்; மூடிய குவியலை நேரத்துக்குக் கிளறாவிட்டால் நல்ல விலை போய்விடும். கையைத் தேடி அவர் வரவேண்டிய நாட்கள் அவை. ஏப்ரல் மாதத்தில் அடுத்த பறிப்பு தொடங்குகிறது. ஜூன் வரை நீளும். காய் மரத்தில் நிற்கும்போதே, மார்ச் மாதத்திலேயே, தோப்புக்குத் தோப்பு கூடிக் கூலி பேசிவிட வேண்டும்.